ஆண்டி ரீட்: பிலடெல்பியாவில் வாய்க்காதது கன்சாஸ் சிட்டியில் எப்படி வாய்த்தது?

நாலாம் டவுன்:

நண்பர்களுக்கு வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில், 1999 முதல் 2012 வரை 14 பருவங்கள் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஆண்டி ரீட், பருவ ஆட்டங்களில் மட்டும் 130 வெற்றிகளைக் குவித்தும், அங்கே ஒரு சூப்பர் பவுல் (ஆண்டின் சாம்பியனை முடிவுசெய்யும் இறுதி ஆட்டம்) கோப்பையைக்கூடத் தொடவில்லை. அதே மனிதர் 2013 ஜனவரியில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்குப் போனார். அறுபதைத் தாண்டிய பிறகு மூன்று கோப்பைகளை வென்றார். இடையில் மாறியது அவரா, அல்லது அவருக்குக் கிடைத்த ஆட்களா?

பிலடெல்பியாவின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 2001 முதல் 2004 வரை தொடர்ந்து நான்கு பருவங்களில் அவருடைய அணி என்எஃப்சி (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டம் வரை, அதாவது சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை வந்தது. ராம்ஸ் அணியிடம் 29-24 என்றும், தம்பா பே அணியிடம் 27-10 என்றும், கரோலினாவிடம் 14-3 என்றும் தோற்றது. இவற்றில் பின்னிரண்டும் சொந்த மண்ணில் நடந்தவை. தம்பா பே ஆட்டம் பழைய வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தில் ஈகிள்ஸ் ஆடிய கடைசி ஆட்டம். ரோண்டே பார்பர் பந்தை இடைமறித்துக்கொண்டு 92 கஜம் ஓடியபோது அந்த அரங்கத்தில் விழுந்த அமைதியை, அன்று மேல்தட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் இன்னும் மறக்கவில்லை.

நான்காவது முறை அட்லாண்டாவை வென்று சூப்பர் பவுலுக்கே போனார்கள். 2005 பிப்ரவரி 6 அன்று ஜாக்சன்வில்லில், பில் பெலிசிக்கின் நியூ இங்கிலாந்து அணிக்கு எதிராக, 24-14 என்று பத்துப் புள்ளிகள் பின்தங்கியிருந்த நிலையில், 5 நிமிடம் 40 விநாடி மீதமிருக்கும்போது ஈகிள்ஸ் கைக்குப் பந்து வந்தது. இரண்டு முறை புள்ளி எடுத்தாக வேண்டும். ஊரே கடிகாரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, அவர்களோ முதல் கால் பகுதியில் ஆடுவதுபோல் கூடிப் பேசி, வரிசை கட்டி, நிதானமாக 13 நகர்வுகள் ஆடி 79 கஜத்தைக் கடந்தார்கள். கிரெக் லூயிஸ் டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) பிடித்தபோது மீதமிருந்தது 1 நிமிடம் 48 விநாடி. முடிவு 24-21. அன்று முதல் ரீட் என்றால் கடிகாரத்தைக் கையாளத் தெரியாதவர் என்பது பட்டப்பெயர்போல ஒட்டிக்கொண்டது. அவர் செய்தியாளர் சந்திப்பில் காயப்பட்டவர்களின் பட்டியலை வாசித்து முடித்ததும் 'நேரம் உங்களுடையது' என்று சொல்லிக் கேள்விகளைத் தொடங்கிவைப்பது வழக்கம். பிலடெல்பியாவில் அந்தச் சொற்றொடருக்கு யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை.

என் கருத்து இது: பிலடெல்பியாவில் 2001 முதல் அவரிடம் பயிற்சிப் பொறுப்போடு ஆள் எடுக்கும் அதிகாரமும் சேர்ந்திருந்தது. கன்சாஸ் சிட்டியில் அந்த அதிகாரத்தைப் பொது மேலாளரிடம் விட்டுவிட்டுத் தமக்குக் கைவந்த தாக்குதல் திட்டத்தோடு நின்றுகொண்டார். சந்தைக்குப் போகும் வேலையை விட்டுவிட்டு அடுப்படியோடு நின்றதனால்தான் சமையல் ருசித்தது என்பேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பொன்வண்டு:

தங்கள் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை உண்டு: மஹோம்ஸ்.

கணக்கைப் பார்ப்போம். பேட்ரிக் மஹோம்ஸ் முதன்மைக் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஆவதற்கு முன்பு, 2013 முதல் 2017 வரை, ரீட் கன்சாஸ் சிட்டியில் பருவ ஆட்டங்களில் 53 வெற்றி, 27 தோல்வி என்று சிறப்பாகவே நடத்தினார். ஆனால் பிளேஆஃபில் (பருவ ஆட்டங்களுக்குப் பின், தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றுகளில்) ஒரு வெற்றி, நான்கு தோல்விகள். அந்தத் தோல்விகள் எப்படிப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முதல் பருவத்திலேயே இண்டியானாபொலிஸ் அணிக்கு எதிராக 38-10 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 45-44 என்று தோற்றார்கள். 2017 பருவத்தில் டென்னசி அணிக்கு எதிராகச் சொந்த அரங்கில் 21-3 என்று முன்னிலை பெற்றுவிட்டு 22-21 என்று தோற்றார்கள். ஆள் எடுக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகும் அதே பழைய ரீட்தானே நம் கண்ணுக்குத் தெரிகிறார்? 2018-இல் குவார்ட்டர்பேக் மாறினார், எல்லாம் மாறியது. மஹோம்ஸ் அந்த ஒரே பருவத்தில் 50 டச்டவுன் பாஸ்களும் 5,097 கஜங்களும் எடுத்தார். இதற்குமேல் சுற்றி வளைக்கத் தேவையில்லை என்று கருதுகிறேன்.

நாலாம் டவுன்:

பொன்வண்டு அவர்களே, கணக்கு சரி. அதிலிருந்து வரும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. மஹோம்ஸ் மரத்திலிருந்து தானாக விழுந்த பழமல்ல. 2017 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) 27-ஆவது இடத்தில் இருந்த சீஃப்ஸ், தங்கள் முதல் சுற்று வாய்ப்போடு ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பையும் பஃபலோ அணிக்குக் கொடுத்துப் பத்தாவது இடத்துக்கு ஏறி அவரை எடுத்தார்கள். அப்போது அவர்களிடம் குவார்ட்டர்பேக் இல்லாமலும் இல்லை. அலெக்ஸ் ஸ்மித் முந்தைய பருவத்தில் 12 வெற்றி பெற்ற அணியின் குவார்ட்டர்பேக். இருந்தும் எடுத்தார்கள்; எடுத்தவரை ஒரு முழுப் பருவம் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். டென்வரில் நடந்த பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மட்டும்தான் அவர் அந்த ஆண்டு இறங்கினார். ஸ்மித்தும் அந்தப் பருவத்தில்தான் தம் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினார். ஓர் இளைஞனைக் காத்திருக்கச் சொல்வதும், அவனுக்கு இடம்விடப்போகும் மூத்தவரை மனம் நோகாமல் ஆட வைப்பதும் பயிற்சியாளரின் வேலை இல்லையென்றால் வேறு எது?

இதில் இன்னொன்றும் உண்டு. மஹோம்ஸ்தான் வேண்டும் என்று அலுவலகத்துக்குள் விடாமல் வாதாடியவர் பிரெட் வீச். பிலடெல்பியாவில் ரீடின் உதவியாளராக இருந்தவர் அவர். டிராஃப்ட் முடிந்த சில வாரங்களில் ஜான் டோர்சி நீக்கப்பட, வீச் பொது மேலாளர் ஆனார். தாம் வளர்த்த ஒருவரின் கண்ணை நம்பித் தேர்வை விட்டுக்கொடுத்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

கரிசல் காற்று:

இருவரும் 1999-இலிருந்தே தொடங்குகிறீர்கள். அதற்கு முந்தைய 17 ஆண்டுகளைப் பார்க்காமல் இந்த மனிதரை அளக்க முடியாது என்பதால் சற்றே நீளமாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

ரீட் லாஸ் ஏஞ்சல்ஸில் 1958-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில், பந்தை உதைத்தும் எறிந்தும் காட்டும் சிறுவர் போட்டி ஒன்றில், ராம்ஸ் வீரர் ஒருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் சிறுவனைவிட இரண்டு மடங்கு உருவத்தோடு அவர் நிற்கும் காட்சித்துண்டு இன்றும் தொலைக்காட்சியில் வரும். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் லாவெல் எட்வர்ட்ஸின் கீழ் தாக்குதல் வரிசையில் ஆடினார். பந்தைக் கையால் தொடாத இடம் அது. எதிராளியைத் தடுத்து மற்றவருக்கு வழிவிடும் வேலை. அங்கே 1982-இல் உதவியாளராக இருந்தபோதுதான் மைக் ஹோம்கிரனைச் சந்தித்தார். பிறகு சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் என்னும் சிறிய கல்லூரி அணிக்குப் போனார். அங்கே பணத் தட்டுப்பாட்டால் பயிற்சியாளர்களே வளாகத்தில் ஹாட் டாக் விற்று அணிக்கு நிதி சேர்த்தார்கள். அதன் பிறகு வடக்கு அரிசோனா, எல் பாசோ, மிசூரி என்று கல்லூரி கல்லூரியாக அலைந்து, 1992-இல் ஹோம்கிரன் கிரீன் பே அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனதும் அவரோடு சேர்ந்தார். 1997 ஜனவரியில் அந்த அணி சூப்பர் பவுல் வென்றபோது ரீட் உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர்.

இந்தக் குருபரம்பரை முக்கியமானது. ஹோம்கிரன், சான் பிரான்சிஸ்கோவில் பில் வால்ஷிடம் வேலை கற்றவர். நீளமான எறிதல்களை நம்பாமல், குறுகிய, நேரம் தவறாத பாஸ்களால் பந்தை மெல்ல மெல்ல முன்னேற்றுவதும், ஆட்டத்தின் முதல் 15 நகர்வுகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதும் வால்ஷின் முறை. ரீடும் அந்த வழியில் வந்தவரே. ஒருங்கிணைப்பாளர் பதவியைக்கூட வகிக்காமல், குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் என்ற நிலையிலிருந்து நேரே தலைமைப் பதவிக்கு அவரை ஈகிள்ஸ் எடுத்தது அன்று பலருக்குப் புரியவில்லை. நேர்காணலுக்கு அவர் ஆண்டுக்கணக்கில் குறித்துச் சேர்த்த தடித்த கோப்பு ஒன்றோடு போனார். தயாரிப்புதான் இவருடைய பலம். ஒரு வாரம் ஆட்டம் இல்லாமல் ஓய்வு கிடைத்தால், அடுத்த ஆட்டத்தில் பிலடெல்பியாவில் அவர் பெற்ற கணக்கு 13 வெற்றி, 1 தோல்வி.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். வால்ஷ் வழிவந்த முறையில் ஒவ்வொரு நகர்வின் பெயரும் ஒரு முழு வாக்கியம் அளவுக்கு நீளும். குவார்ட்டர்பேக் அதை வீரர்களைக் கூட்டி ஒப்பிக்க வேண்டும். தயாரிப்பில் ஆறு நாள் செலவழிக்கும் மனிதருக்கு, தயாரிக்க நேரமே இல்லாத இரண்டு நிமிடம் சங்கடமாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை. குறையும் குணமும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதே என் எண்ணம்.

புதிய வாசகன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இழையைத் தொடங்கியவரின் பெயரில் உள்ள 'நாலாம் டவுன்' என்றால் என்ன? நான் இந்த ஆட்டத்தைச் சென்ற ஆண்டிலிருந்துதான் பார்க்கிறேன்.

நாலாம் டவுன்:

பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். நான்காவதிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். 2004 ஜனவரி 11 அன்று கிரீன் பே அணிக்கு எதிராக ஈகிள்ஸ் 17-14 என்று பின்தங்கியிருந்தது. 1 நிமிடம் 12 விநாடிதான் மீதி. நான்காவது டவுனில் 26 கஜம் வேண்டும். எங்கள் குவார்ட்டர்பேக் டானவன் மெக்னாப் எறிய, ஃபிரெடி மிட்செல் 28 கஜத்துக்குப் பிடித்தார். பிறகு கூடுதல் நேரத்தில் 20-17 என்று வென்றார்கள். அதன் நினைவாக வைத்துக்கொண்ட பெயர். அந்த மெக்னாபை 1999-இல் ரீட் டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்தபோது, ஓட்டக்காரர் ரிக்கி வில்லியம்ஸைக் கேட்டுக் கூடியிருந்த எங்கள் ஊர் ரசிகர்கள் அந்த மேடையிலேயே கூச்சலிட்டு அவமதித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாழம்பூ:

இதுவரை எழுதிய மூவரும் களத்தின் ஒரு பாதியைத்தான் பார்க்கிறீர்கள். ரீட் தாக்குதலின் ஆள். அதனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்களும் மெக்னாப், மஹோம்ஸ் என்று தாக்குதலிலேயே நின்றுவிடுகிறார்கள். மறுபாதியை யார் பார்த்துக்கொண்டார் என்று கேட்டுப் பாருங்கள். இவருடைய பணிவாழ்க்கையின் ஏற்ற இறக்கம் அப்படியே அதில் பதிந்திருக்கிறது.

1999-இல் ரீட் தம்மோடு ஜிம் ஜான்சனைத் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக அழைத்துவந்தார். எந்தப் பக்கத்திலிருந்து யார் பாய்வார் என்று தெரியாதபடி குவார்ட்டர்பேக்கின் மேல் ஆள் அனுப்பும் பிளிட்ஸ் முறையில் ஜான்சன் கைதேர்ந்தவர். பத்துப் பருவங்கள் அந்தப் பொறுப்பு முழுமையாக அவருடையது. ரீட் குறுக்கிட்டதில்லை, குறுக்கிட வேண்டிய தேவையும் வரவில்லை. அந்தப் பத்தில் ஐந்து முறை ஈகிள்ஸ் என்எஃப்சி இறுதிக்கு வந்தது. 2009 ஜூலையில் ஜான்சன் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகு ரீட் பிலடெல்பியாவில் பிளேஆஃபில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை.

ஜான்சனின் இடத்துக்கு வந்த ஷான் மெக்டர்மட்டை இரண்டே பருவங்களில் அனுப்பிவிட்டார். அதே மெக்டர்மட் பின்னாளில் பஃபலோவின் தலைமைப் பயிற்சியாளராகிப் பலமுறை ரீடை எதிர்த்து நின்றார் என்பது வேறு கதை. 2011-இல் அந்தப் பொறுப்பை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? தாக்குதல் வரிசைப் பயிற்சியாளராக நெடுங்காலம் இருந்த ஹுவான் காஸ்டியோவுக்கு. நல்ல கொத்தனாரைக் கூப்பிட்டு நாளை முதல் நீ தச்சன் என்று சொன்னதுபோல. 2012 அக்டோபரில் பருவத்தின் நடுவே அவரையும் நீக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டில், பயிற்சி முகாமில் ரீட் தம் மூத்த மகனை இழந்திருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்தப் பருவத்தை அதை விட்டுவிட்டு எடைபோடுவது நியாயமாகாது. 4-12 என்று முடிந்தது. டிசம்பர் 31 அன்று வேலை போயிற்று.

இனி கன்சாஸ் சிட்டி. 2018 பருவத்தில் மஹோம்ஸ் 50 டச்டவுன் எறிந்தும் கோப்பை வரவில்லையே, ஏன்? நியூ இங்கிலாந்திடம் கூடுதல் நேரத்தில் 37-31 என்று தோற்றபோது, தற்காப்பால் மூன்றாம் டவுன்களில் அவர்களின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை நிறுத்த முடியவில்லை. அதன்பின் ரீட் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் பாப் சட்டனை நீக்கிவிட்டு ஸ்டீவ் ஸ்பேக்னுவோலோவைக் கொண்டுவந்தார். இவர் 1999 முதல் 2006 வரை பிலடெல்பியாவில் ஜிம் ஜான்சனிடம் பாடம் படித்தவர். அடுத்த ஆண்டே கோப்பை. எனவே பொன்வண்டு அவர்கள் சொல்லும் 2018-ஐவிட 2019-தான் திருப்புமுனை என்பேன்.

பொன்வண்டு:

தாழம்பூ அவர்களின் பதிவு என்னை யோசிக்க வைத்தது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் அந்த முதல் கோப்பையை வென்ற ஆட்டத்தையே எடுத்துப் பாருங்கள். 2020 பிப்ரவரி 2, மயாமி. சான் பிரான்சிஸ்கோ 20-10 என்று முன்னிலை. 7 நிமிடம் 13 விநாடி மீதி, மூன்றாம் டவுனில் 15 கஜம் வேண்டும். அப்போது 'வாஸ்ப்' என்னும் நகர்வை ஆட நேரம் இருக்கிறதா என்று ஓரத்தில் கேட்டவர் மஹோம்ஸ். பின்வாங்கிப் பின்வாங்கி, கால் தரையில் ஊன்றாத நிலையில் அவர் எறிந்த பந்தை 44 கஜத்துக்கு டைரீக் ஹில் பிடித்தார். அதிலிருந்து ஏழு நிமிடத்துக்குள் மூன்று டச்டவுன்கள், முடிவு 31-20. அந்த இடத்தில் பயிற்சியாளர் செய்தது, வீரன் கேட்டதற்குச் சரி என்றது.

கரிசல் காற்று:

அந்தச் 'சரி' சாதாரணமானதல்ல, நண்பரே. பழைய ரீட் மெக்னாபுக்கு அப்படி விட்டுக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

வீரரின் கைத்திறமைக்குத் தொடர்பே இல்லாத ஒரு சான்றையும் தருகிறேன். 2023 பிப்ரவரி 12 அன்று அரிசோனாவில் நடந்த சூப்பர் பவுலில் ரீட் தம் பழைய அணியான ஈகிள்ஸையே எதிர்த்தார். இடைவேளையில் 24-14 என்று பின்தங்கியிருந்தார். நான்காம் கால் பகுதியில் எல்லைக்கோட்டுக்கு அருகில், கடாரியஸ் டோனி வலப்புற ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓடத் தொடங்கி, பந்து எடுக்கப்படும் கணத்தில் சட்டென்று நின்று வந்த வழியே திரும்பினார். அவர் மறுபக்கம் கடந்துவிடுவார் என்று நம்பிய ஈகிள்ஸ் தற்காப்பு ஏற்கனவே ஆள் மாற்றிக்கொண்டுவிட்டது. டோனியைச் சுற்றிப் பத்துக் கஜத்துக்கு ஆளே இல்லை. சில நிமிடங்கள் கழித்து அதே தந்திரத்தை எதிர்ப்பக்கத்தில் ஸ்கை மூரைக் கொண்டு செய்தார்கள். அவரும் தனியாக நின்றார். இரண்டுமே கன்றுக்குட்டிகூடப் பிடிக்கக்கூடிய பாஸ்கள். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஜாக்சன்வில் அணி ஈகிள்ஸுக்கு எதிராக இதையொத்த நகர்வால் புள்ளி எடுத்த ஒளிப்பதிவைப் பார்த்துக் கண்டுபிடித்த ஓட்டை அது. அப்போது ஜாக்சன்வில்லின் பயிற்சியாளர் யார்? டக் பெடர்சன். ரீடின் முதல் பருவத்தில் அவருக்குக் குவார்ட்டர்பேக்காக ஆடியவர், பிறகு அவரிடமே உதவியாளராக இருந்தவர், 2018-இல் ஈகிள்ஸுக்கு முதல் சூப்பர் பவுலைப் பெற்றுத் தந்தவர். குரு சீடனின் வீட்டிலிருந்து எடுத்து வந்து, இருவரும் முன்பு குடியிருந்த வீட்டுக் கதவையே திறந்திருக்கிறார். 38-35 என்று வென்றார்.

தாழம்பூ:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அடுத்த ஆண்டு லாஸ் வேகஸில் சான் பிரான்சிஸ்கோவைக் கூடுதல் நேரத்தில் 25-22 என்று வென்ற பருவத்தில், சீஃப்ஸ் தாக்குதல் நடுத்தரமானதுதான். புள்ளிகளைக் குறைவாக விட்டுக்கொடுத்ததில் அவர்களின் தற்காப்பு லீக்கிலேயே இரண்டாம் இடம். அந்த இறுதி ஆட்டத்தில் ஸ்கோர் சமநிலையில் இருக்க, இரண்டு நிமிட எச்சரிக்கையை ஒட்டி வந்த மூன்றாம் டவுனில், ஓரத்து ஆட்டக்காரரைக் காவல் காத்துக்கொண்டிருந்த டிரென்ட் மெக்டஃபி திடீரென்று குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து எறிந்த பந்தைக் கையால் தட்டிவிட்டார். டச்டவுனுக்குப் போயிருக்கக்கூடியது ஃபீல்டு கோலோடு (கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் குறைந்த புள்ளி) நின்றது. மஹோம்ஸுக்குச் சமன் செய்ய வழி கிடைத்தது. ஜிம் ஜான்சனின் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாய்ச்சல் புதிதாகத் தெரிந்திருக்காது.

நாலாம் டவுன்:

தாழம்பூ அவர்களிடம் பாதி தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அதிகாரத்தை விட்டுக்கொடுத்ததே காரணம் என்று தொடங்கினேன். ஆனால் ஜான்சனிடம் பாதிக் களத்தை ஒப்படைத்தது பிலடெல்பியாவின் முதல் நாளிலேயே நடந்திருக்கிறது. அப்படியானால் விட்டுக்கொடுக்கும் குணம் இவருக்குப் புதிதாக வந்ததல்ல. ஜான்சன் இறந்த பிறகு யாரிடம் விடுவது என்று தெரியாமல் தடுமாறிய நான்கு ஆண்டுகள்தான் இடையில் கிடக்கின்றன. பொன்வண்டு அவர்களுக்கும் மறுப்பில்லை. மஹோம்ஸ் இல்லாமல் மூன்று கோப்பை வந்திருக்காது. 2024 பருவ முடிவில் ரீடின் பருவ ஆட்ட வெற்றிகள் 273. இரண்டு வெவ்வேறு அணிகளோடு நூறு நூறு வெற்றிகள் கண்டவர் அவர் ஒருவரே. அந்த 273-இல் மஹோம்ஸ் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆவதற்கு முன்பே சேர்ந்தவை 183 என்பதை மட்டும் பணிவோடு குறித்துவைக்கிறேன். 2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் அதே மஹோம்ஸ் இருந்தும், ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பாத ஈகிள்ஸ் தற்காப்பிடம் ஆறு முறை சாய்க்கப்பட்டு 40-22 என்று தோற்றதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே.

இந்த விவாதத்துக்காக நேற்றிரவு 2005 ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிடங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். மெக்னாப் களைத்திருந்தார் என்றும் இல்லை என்றும் அவருடைய சக வீரர்களே இருவிதமாகச் சொன்ன அந்த 13 நகர்வுகளைத்தான் நான் 20 ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை மறந்தே போயிருந்தேன். டச்டவுனுக்குப் பின் தாமே திரும்பப் பிடிக்கலாம் என்று ஈகிள்ஸ் உதைத்த குறும்பந்து எதிரணியிடம் போயிற்று. ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்த நேரத்தில், ஜான்சனின் ஆட்கள் நியூ இங்கிலாந்தைப் பத்துக் கஜம் நகர விடாமல் நிறுத்திப் பந்தைத் திரும்ப வாங்கித் தந்தார்கள். அதுவும் சொந்த எல்லையின் 4-ஆவது கஜத்தில். மீதி 46 விநாடி. முதல் நகர்வாக மெக்னாப் ஓரக்கோட்டை விட்டு விலகி நடுவில் நின்ற பிரையன் வெஸ்ட்புரூக்குக்கு ஒரு குறும்பாஸ் கொடுத்தார். அவர் அதைத் தவறவிட்டிருந்தால் கடிகாரமாவது நின்றிருக்கும். அவர் பிடித்தார், ஒரு கஜம் கிடைத்தது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.